ஒரே கப்பல்

கடலைக் காணாத கரிசல் மண் நம்முடையது. விருதுநகரிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் பிறந்து வளர்ந்த ஒருவர், அலையோசையை ஒருமுறைகூடக் கேளாமல் வாழ்ந்து முடிக்கலாம். ஆயினும் ‘கப்பலேறிப் போனார்’ என்னும் தொடர் நம் வீடுகளுக்குப் புதிதன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் தூத்துக்குடி வழியாகவும் மண்டபம் வழியாகவும் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தும் மிதந்தும் சென்றவர்கள் நம் முன்னோர். அவர்களைப் பற்றிக் கொஞ்சமேனும் பேசுகிறோம். அவர்களைவிட நெடுந்தொலைவு சென்று, திரும்பி வராதவர்களும் நாம் அறவே மறந்துவிட்டவர்களுமான இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி, உலகின் மறுபக்கத்தில் உள்ள கரீபியன் தீவுகளில் கரை இறங்கிய தமிழர்களே அவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் தஞ்சை, ஆர்க்காடு, புதுவைப் பக்கத்தவர். எனினும் அவர்கள் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கரும்புக்கு ஆள் தேடிய காலம்

பிரான்சு நாடு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை 1848ஆம் ஆண்டு ஒழித்தது. மர்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அதுவரை சாட்டைக்கு அஞ்சி உழைத்த ஆப்பிரிக்க மக்கள் விடுதலை பெற்றனர். விடுதலை பெற்ற மனிதர் பழைய எசமானிடமே குறைந்த கூலிக்கு மீண்டும் செல்ல விரும்பாதது இயல்பு. ஆனால் கரும்பு காத்திருக்காதே! தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாவின் மீது விழுந்தது. ஆங்கிலேயர் ஏற்கெனவே 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் 1845இல் திரினிதாதுக்கும் இந்தியரைக் கொண்டு சென்றிருந்தனர். பிரெஞ்சுக்காரரும் அவ்வழியே சென்றனர்.

‘ஒரேலி’ என்னும் கப்பல் 313 இந்தியரைச் சுமந்து, 1853 மே 6ஆம் நாள் மர்த்தினிக் தீவின் சேன் பியேர் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த ஆண்டு அதே கப்பல் ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரைக் குவாதலூப் தீவின் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. அந்த நாள் 1854 டிசம்பர் 24. ஆம், கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவு. சத்திரத்தில் இடமின்றித் தவித்த ஒரு குடும்பத்தைக் கிறிஸ்தவ உலகம் நினைவுகூரும் அதே வேளையில், மொழி தெரியாத ஊரில், விலை பேசப்பட்ட உழைப்போடு அவர்கள் நின்றனர். அத்தீவுக்குக் ‘குவாதலூப்’ என்னும் பெயரைச் சூட்டியவர் கொலம்பசு. 1493இல், ஸ்பெயின் நாட்டுக் குவாதலூப்பே மாதா துறவியர் மடத்தின் நினைவாக அவர் அதைச் சூட்டினார். அதற்கு அருகிலுள்ள சிறு தீவுக்கோ, தாம் ஏறி வந்த கப்பலின் பெயரான ‘மரி கலாந்த்’ என்பதையே இட்டார். அன்னையின் பெயரும் கப்பலின் பெயரும் தாங்கிய தீவுகளில் நம் மக்கள் குடியேற நேர்ந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பயணம் தொடர்ந்தது. குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் மர்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,500 பேரும் சென்றதாக வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் செலவின்றித் தாயகம் திரும்பலாம் என்பது வாக்குறுதி. குவாதலூப் சென்றவருள் திரும்பி வந்தவர் நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவே.

மூன்று மாத வீடு

அக்காலப் பாய்மரக் கப்பல் சோழமண்டலக் கரையை விட்டு நீங்கி, இந்துமாக்கடலைக் கடந்து, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, அட்லாண்டிக் பெருங்கடலைக் குறுக்கே வெட்டிச் செல்ல ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் கப்பலே வீடு, கப்பலே ஊர். மேல்தளத்திற்குக் கீழே, நிமிர்ந்து நிற்கவும் இடம் நெருக்கடியான அறையில் நூற்றுக்கணக்கானோர் அருகருகே படுத்துறங்கினர். அரிசியும் பருப்பும் கருவாடும் புளியும் உணவு. குடிநீர் அளந்து கொடுக்கப்பட்டது. முனையைச் சுற்றும்போது வீசிய குளிர், வெயில் நாட்டினரின் உடலைத் துளைத்தது. காலராவும் வயிற்றுப்போக்கும் கண்டால், காலையில் எண்ணப்பட்டவர் மாலையில் இருப்பதில்லை. இறந்தவரைப் புதைக்க மண் இல்லை, எரிக்க விறகு இல்லை, கடலே கல்லறை.

இங்கிலாந்தும் பிரான்சும் 1861 ஜூலை முதல் நாள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு கப்பலிலும் பெண்கள் குறைந்தது நான்கில் ஒரு பங்கினராக இருக்கவேண்டும், வாரத்தில் ஆறு நாளுக்கு மேலும் நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது என்றெல்லாம் அதில் எழுதப்பட்டது. தாள் நன்றாகவே இருந்தது. ஆனால் தோட்டத்தில் அதைப் படித்துக் காட்ட யார் இருந்தார்? முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பதும், கைநாட்டு வாங்குவதும், கடனில் கட்டிப்போடுவதும் எத்தகையவை என்பதை நம் பகுதித் தொழிலாளருக்கு விளக்கத் தேவையில்லை.

இத்துயரங்களுக்கு நடுவே, யாரும் திட்டமிடாத ஒன்று அக்கப்பல்களில் நிகழ்ந்தது. ஊரில் ஒரே கிணற்றில் நீர் மொள்ளாதவர்கள் அங்கே ஒரே பீப்பாயில் நீர் பெற்றனர். ஒரே தெருவில் நடவாதவர்கள் ஒரே பலகையில் படுத்தனர். ஒரே அண்டாவில் வெந்த சோற்றை உண்டனர். தீட்டு என்று விலகி நிற்கக் கப்பலில் இடமே இல்லை. சிலர் முதலில் பட்டினி கிடந்தும் பார்த்திருப்பர். ஆனால் மூன்று மாதம் எவர்தாம் பட்டினி கிடக்க முடியும்? கரை இறங்கும்போது ‘இன்ன சாதியான்’ என்பதைவிட ‘இன்ன கப்பலான்’ என்பதே அவர்களுக்குப் பெரிய உறவாயிற்று. திரினிதாதிலும் கயானாவிலும் குடியேறிய வட இந்தியர் இவ்வுறவை ‘ஜகாஜி பாய்’, அதாவது கப்பல் சகோதரன், என்றே அழைத்தனர். கப்பல் சகோதரரின் பிள்ளைகளுக்குள் மணம் பேசவும் தயங்கினர். அவர்கள் உடன்பிறந்தாரின் மக்கள் அன்றோ! தமிழர் வாழ்ந்த பிரெஞ்சுத் தீவுகளிலும் சாதிக் கட்டு நாளடைவில் தளர்ந்து, ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

இதை இனிய கதையாக்கிவிடலாகாது. சாதியை உடைக்க அக்கப்பலை யாரும் கட்டவில்லை; மனிதரைச் சரக்காகக் கண்டவர்கள் கட்டிய கப்பல் அது. சரக்குக்கு ஏது சாதி என்பதே அவர்கள் எண்ணம். ஆனால் நெருக்கடியில் ஒருவர் மற்றவரின் தாகத்தைத் தணித்தபோது, சரக்கு அறையிலேயே உறவு பிறந்தது. அது கப்பல்காரரின் கொடை அன்று. அம்மக்கள் தாமே ஈட்டிய செல்வம்.

மதுரையின் பெயர் மறையவில்லை

தீவில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘கூலி’. நம் நாட்டில் உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் சொல் அங்கே ஒரு மக்களினத்தை இழிக்கும் வசையாயிற்று. தமிழ் பேசுவோர் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தனர். பெரும்பாலோர் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கர் ஆயினர். பிரெஞ்சுப் பெயர்களைத் தாங்கினர். ஆயினும் மாரியம்மனை ‘மாலியேமேன்’ என்றும், மதுரை வீரனை ‘மால்தேவிலேன்’ என்றும், நாகூர் ஆண்டவரை ‘நாகூமிலா’ என்றும் அவர்கள் அழைத்து வந்தனர். கடலில் தங்களைக் காத்தவர் என்று நாகூராரை நினைந்து கொடிமரம் நாட்டினர். ஞாயிறு திருப்பலிக்கும் சென்றனர், பூசைக்கும் சென்றனர். அக்காலத் திருச்சபை இவ்வழக்கங்களை ஐயத்தோடு நோக்கியது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானதைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965இல் பேசிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிநின்று இன்று பார்க்கும் நமக்கு, அதில் வேறொன்றும் தெரியவேண்டும். பெயரும் மொழியும் மண்ணும் பறிக்கப்பட்ட மக்கள், ஒரு தாயின் பெயரையாவது பற்றிக்கொண்டனர்.

குவாதலூப்பில் 1863ஆம் ஆண்டு பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவரை இங்கே குறிப்பிட வேண்டும். கூலித் தொழிலாளரின் வழிவந்த அவர், இந்திய வம்சாவளியினரைக் குடிமக்களாக ஏற்று வாக்குரிமை வழங்கவேண்டும் என 1904இல் தொடங்கி நெடிய சட்டப் போராட்டம் நடத்தினார். 1923இல் அது வெற்றி கண்டது. தில்லையம்பதியின் பெயர் ஒரு பிரெஞ்சுத் தீவின் உரிமை வரலாற்றில் நிலைபெற்றது.

பவுலின் கப்பலும் நம் கோவிலும்

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில் இன்னொரு கப்பல் வருகிறது. உரோமைக்குக் கைதியாகச் செல்லும் புனித பவுலும், படைவீரரும், மாலுமிகளும், பிற கைதிகளும் அதில் இருக்கின்றனர். பதினான்கு நாள் புயல். உண்ணவும் மனமின்றி அனைவரும் சோர்ந்திருக்கும்போது, பவுல் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னும் இறைவனுக்கு நன்றி கூறி, பிட்டு உண்கிறார். மற்றவர்களும் மனம் தேறி உண்கின்றனர். லூக்கா அங்கே கப்பலில் இருந்தவர் தொகையைத் தருகிறார்: 276. படைவீரர் எத்தனை, கைதிகள் எத்தனை என்று அவர் பிரித்துக் கூறவில்லை. கப்பல் உடைந்தது, ஆனால் ஒருவரும் அழியவில்லை. மால்தா தீவினர் மழையையும் குளிரையும் கண்டு தீ மூட்டி அவர்கள் அனைவரையும் வரவேற்றனர்.

மக்கள் கூடும் கோவில் நடுக்கூடத்தை இலத்தீன் மொழியில் ‘நாவிஸ்’, கப்பல், என்றே அழைத்தனர். திருச்சபை ஒரு கப்பல் என்பது தந்தையர் காலம் முதல் வரும் உருவகம். ஆனால் நம் நெல்லைச் சீமையில், வடக்கன்குளத்தில், 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோவிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள் அமைத்தனர். ஒன்று ஒரு சாதியாருக்கு, மற்றது பிற சாதியாருக்கு. பீடம் ஒன்று, கப்பல்கள் இரண்டு! பிரிவினைச் சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, 1916இல் தள்ளுபடியாயிற்று. அன்று சிவகாசியும் அதே திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. கோவில் நுழைவுரிமைப் பூசலில் 1899 ஜூன் மாதம் சிவகாசி எரிந்ததையும் நம் முதியோர் வழிவழியாகக் கேட்டிருக்கின்றனர்.

காலக்கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தறியா ஏழைகள் சரக்குக் கப்பலின் இருட்டறையில் ஒரே அண்டாவில் உண்ணக் கற்றுக்கொண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆனபின், நற்கருணையை அறிந்த நாம் இரட்டைக் கப்பல் கட்டினோம். அவர்களை ஒன்றாக்கியது கொடுமை. நம்மை ஒன்றாக்க வந்ததோ அன்பு. கொடுமைக்கு இணங்கிய மனித மனம் அன்புக்கு இணங்கவில்லை என்றால், அதைக் குறித்து நாம் அழவேண்டும்.

இன்று கோவிலுக்குள் சுவர் இல்லை. கல்லறைத் தோட்டத்தில்? தேர்ப்பவனி செல்லும் தெருக்களில்? திருவிழா வரிக் கணக்கில்? ஒவ்வொரு பங்கும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும்.

நம் பகுதிக்கு ஒன்றாக நிற்கத் தெரியாமல் இல்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது மாண்ட முப்பதுக்கும் மேற்பட்டோருள், உள்ளே வேலை செய்தவர்கள் மட்டும் இல்லை. காப்பாற்றலாம் என்று ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் இருந்தனர். உள்ளே கிடப்பவர் எந்தத் தெருவினர் என்று விசாரித்துவிட்டு அவர்கள் ஓடவில்லை. தீயின் முன்னே நாம் ஒரே கப்பலினர்தாம். தீ அணைந்த மறுநாளும் அப்படியே இருக்க முடியாதா என்பதே கேள்வி.

வரும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளை மந்திரிக்கச் செல்லும்போது, குறுக்குச் சுவரோ வேலியோ இருக்கும் தோட்டங்களில், மறுபக்கம் சென்று ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். குடும்பத்தோடு சென்று ஏற்றுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும். டிசம்பர் 24 இரவில், நம் ஊர் மத்தாப்பு வானில் மலரும்போது, அதே இரவில் அறியாத தீவொன்றில் கரை இறங்கிய நம் இனத்தாருக்காகவும், கடலையே கல்லறையாகப் பெற்ற அவர்தம் தோழருக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்வோம். அவர்களுக்காக ஒரு திருப்பலியேனும் இதுவரை நம் பங்குகளில் ஒப்புக்கொடுக்கப்பட்டிருக்குமா? இந்த ஆண்டு ஒப்புக்கொடுப்போம்.