மலாக்காவின் மர அரிசி

புதிய நாட்டுக்குச் செல்வோனை முதலில் மலைக்க வைப்பது அந்நாட்டு உணவேயாகும். பழகாத பண்டம் ஒன்று முன்னே வைக்கப்பட்டவுடன், ‘இஃது எதைப் போன்றது?’ என்றே அவன் மனம் வினவும். தன் வீட்டுப் பண்டத்தின் பெயரைச் சார்த்தியே அதனை அறிந்துகொள்வான். இதற்கு மலாக்காவின் வரலாறு நல்லதொரு சான்று தருகின்றது.

பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மா குவான். அவரது பயணநூல் 1451-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மலாக்காவில் நிலம் வளமற்றது, நெல் விளைவு குறைவு, உழுவோர் சிலரே என்று கூறும் அவர், அம்மக்களின் உணவு ஒன்றை வியப்போடு விரித்துரைக்கின்றார். ‘சாகு’ மரத்தின் பட்டையை இடித்து, ஊறவைத்து, வடித்துத் தெளியவைப்பர். அடியில் தங்கிய மாவைப் பச்சைப்பயறு அளவு உருட்டி வெயிலில் உலர்த்தி விற்பர். அது சோறாகச் சமைத்து உண்ணத்தக்கது என்பது அவர் குறிப்பு.

இதில் சிறு பிழை ஒன்று உண்டு. மாவு கிடைப்பது பட்டையிலன்று, தண்டின் உள்ளீட்டில். சாகு, பனையினத்தைச் சேர்ந்த மரம். புறத்தே வன்மையும் அகத்தே மென்மையும் உடையது. இத்தகையவற்றைத் தொல்காப்பியர் ‘புல்’ என வகுத்தமை தமிழாசிரியர் அறிந்ததே. இவற்றின் உள்ளீட்டைத் தமிழர் ‘சோறு’ என்றே வழங்கினர். கற்றாழைச் சோறும் அவ்வகையினதே.

மா குவான் அவ்வுருண்டைக்குக் குறித்த பெயர் ‘சாகு மி’ என்பதாகும். ‘மி’ என்பது சீனத்தில் அரிசியைக் குறிக்கும். தமிழரும் அதனைச் ‘சவ்வரிசி’ என்றனர். நெல்லோடு யாதோர் உறவுமில்லாத பொருளை, இரு நாட்டாரும் அரிசி என்றே பெயரிட்டழைத்தமை எண்ணத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்திரா சென்ற வெனிசு நகரத்து மார்க்கோ போலோவோ, அதே வகை மரத்தை ‘மாவு தரும் மரம்’ என்றே கண்டார். அப்பம் உண்பவர் மாவைக் கண்டார். சோறு உண்பவர் அரிசியைக் கண்டனர்.

பிற்காலத்தில் சவ்வரிசிக்கு வேறொரு மூலமும் வாய்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீன முதலாளிகள் மலாக்காவில் மரவள்ளியைப் பெருமளவில் பயிரிட்டு, ஆலைகளில் மாவும் மணியும் செய்து ஏற்றுமதி செய்தனர். மண் வளம் குன்றியதும் நிலங்கள் கைவிடப்பட்டு லாலாங் புல் மண்டின. 1896-இல் தான் சே இயான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வாணிகப் பயிராக நட்டார். பின்னர் இரப்பர் பரவ, தமிழ்த் தொழிலாளர் தோட்டங்களில் நிறைந்தனர்.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, வெளிநாட்டு அரிசி வரத்துக் குன்றியது. பால் வெட்டிய கைகள் மரவள்ளி நட்டன. கிழங்கே பல குடும்பங்களுக்குச் சோறாயிற்று. பசி ஆண்ட அக்காலத்தில் அதனைச் சிற்றுண்டி என்பார் யாருமிலர்.

அதே போர் தமிழகத்திலும் ஒரு மாற்றத்தை விளைத்தது. மலாயாச் சவ்வரிசி வருவது தடைப்படவே, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் மரவள்ளியிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் எழுந்தது. இன்று தமிழர் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் மணிகள் பெரும்பாலும் அக்கிழங்கின் மக்களே.

இந்நாளில் மலாக்காவுக்கு வரும் சுற்றுலாப் பயணி, ‘சாகோ குலா மலாக்கா’ என்னும் இனிப்பைப் புதுமையாகச் சுவைக்கின்றார். வெந்த சவ்வரிசி, தேங்காய்ப் பால், தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுத்த வெல்லப்பாகு ஆகிய மூன்றே அதன் உறுப்புகள். ‘குலா’ என்னும் மலாய்ச் சொல், வெல்லத்தைக் குறிக்கும் ‘குட’ என்னும் வடசொல்லின் திரிபாகும். தமிழர் ஒருவர் அதனை ஒரு கரண்டி உண்டால், பாயசம் என்றே கூறுவார். அக்கூற்றில் தவறில்லை. எனினும், அக்கிண்ணத்திலுள்ள வெண்மணிகள் நெல் விளையாத மண்ணில் ஒரு காலத்தில் சோறாக நின்று உயிர் காத்தவை என்பதையும் அவர் அறிதல் வேண்டும்.