தோலின் ஒளிவழிப் படமெடுப்பு

தோலை வெட்டாமல், ஒளியைச் செலுத்தி அதன் உட்புறத்தைப் பார்த்து நோயறியும் முறைகள் இப்பெயரால் வழங்குகின்றன. தோல்மீது படும் ஒளியில் ஏறத்தாழ 4 முதல் 7 விழுக்காடு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறித்து, கீழுள்ளதை மறைக்கிறது. உள்ளே நுழைவதை மெலனினும் குருதியும் உறிஞ்சுகின்றன. கொலாஜன் இழைகள் சிதறடிக்கின்றன.

மேற்பரப்பு மினுமினுப்பை எண்ணெய் தடவி அடக்கலாம் என்று 1893இல் ஜெர்மானிய மருத்துவர் ஊன்னா காட்டினார். 1903இல் அமெரிக்க இயற்பியலர் வுட் உருவாக்கிய புறஊதா வடிகட்டி, 1925இல் தலைப் படர்தாமரையைக் கண்டறியப் பயன்பட்டது. வுட் விளக்கின் கீழ் வெண்புள்ளி பளிச்சென நீலவெண்மையாகத் தெரியும். அதனால் தமிழ்நாட்டுத் தோல் மருத்துவர்களுக்கும் அது பழகிய கருவி.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் என்னும் கைக்கருவி வேறு தேவையில் வளர்ந்தது. வெள்ளைத்தோலரிடம் மிகுதியான மெலனோமா புற்றுநோயை மச்சத்திலிருந்து பிரித்தறிவதற்கான வடிவ இலக்கணத்தை 1987இல் வியன்னா மருத்துவர்கள் வகுத்தனர். இந்தியாவில் மெலனோமா அரிது. இங்கே அக்கருவி படர்தாமரை, முடி உதிர்வு, லைக்கன் பிளானஸ், தொழுநோய் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. வெளிர்தோலில் எளிதில் தெரியும் சிவப்பும் நுண்குழாய்களும் கருந்தோலில் மங்கிவிடுவதால், வெளிநாட்டுப் படநூல்களை அப்படியே பின்பற்ற முடியாது. இந்தியத் தோலுக்கான அடையாளங்களைத் தனியே தொகுப்பது அவசியமான பணி.

மறைக்கும் அதே மெலனின் மற்றொரு முறையில் துணை நிற்கிறது. அமெரிக்க அறிவியலர் மின்ஸ்கி 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கன்ஃபோகல் நுண்ணோக்கியை மிலிந்த் ராஜாத்யக்ஷா குழுவினர் பாஸ்டனில் உயிருள்ள தோலில் பயன்படுத்தி, மெலனின் உள்ள செல்கள் பிரகாசமாகத் தெரிவதை 1995இல் வெளியிட்டனர். செல் செல்லாகக் காணலாம். ஆனால் ஆழம் கால் மில்லிமீட்டர் அளவே. 1991இல் அறிமுகமான ஓசிடி (optical coherence tomography) முறை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை இறங்கும், நுணுக்கம் குறையும்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலும் இவ்வரலாற்றில் சேரும். அதைக்கொண்டு தோலில் ஆழத்துக்கு ஆழம் நீரளவு மாறுவதை 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்தனர்.

தருமபுரி மாவட்டத்து இண்டூர் போன்ற சிற்றூர்களுக்கு இவற்றில் எளிதாகக் கொண்டுசெல்லத்தக்கது டெர்மோஸ்கோப்தான். அதைக் கைபேசியில் பொருத்தி எடுக்கும் படத்தைத் தொலைவிலுள்ள மருத்துவருக்கு அனுப்பலாம். படங்களைக் கணினியே வகைப்படுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. அத்தகைய கணினி முறைகள் கருந்தோலில் கூடுதலாகத் தவறுவதை 2022இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினர். ஐயம் தீராத புண்ணில் திசுத்துணுக்குச் சோதனை இன்றும் செய்யப்படுகிறது.