சுருள்வில் காற்றுத் துப்பாக்கி: பராமரிப்பு
சுருள்வில் விரியும் விசையில் பாயும் பிஸ்டன், உருளைக்குள் காற்றை அழுத்தி ஈயக்குண்டைச் செலுத்தும் இவ்வகைத் துப்பாக்கியில் வெடிமருந்துக் கரி படிவதில்லை என்பதால், குறி பிசகத் தொடங்கினாலன்றிக் குழலைத் துடைக்க வேண்டியதில்லை. சுடுகையில் முன்னும் பின்னும் உதறுவதால் தளரும் கட்டைத் திருகுகளை அவ்வப்போது முறுக்குவதே வழக்கமான வேலை. புறக்கணிப்பைவிட மிகையான எண்ணெயே இதற்குப் பெருங்கேடு: அழுத்த அறைக்குள் கசியும் கனிம எண்ணெய், அழுத்தத்தால் சூடேறிய காற்றில், டீசல் எஞ்சினில் நிகழ்வதுபோலத் தீப்பற்றி, புகையும் வெடியோசையும் எழுப்பி, காற்றுக் கசியாமல் காக்கும் பிஸ்டன் வளையத்தைச் சிதைக்கும். பழைய தோல் வளையங்கள் மட்டும் காய்ந்துவிடாதபடி சில துளி எண்ணெய் கேட்கும். குண்டின்றிச் சுட்டால், பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை இல்லாமற்போய், அது உருளை முனையில் நேரே மோதும்.