குறுக்குவழியும் சேரிடமும்

சிலாவத்துறைக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் வட எல்லையை அடுத்துக் கடலோரமாக அமைந்துள்ள ஊர் முள்ளிக்குளம். அக்கரையோரக் கடலின் அடியிலேதான் பண்டுதொட்டுப் புகழ்பெற்ற முத்துப் பார்கள் கிடக்கின்றன. பெரிய பார், செவல் பார் என அவை ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. ஆயினும் கடலின் மேற்பரப்பிலே அவற்றைக் காட்டும் குறி எதுவும் இல்லை. கரையிலுள்ள அடையாளங்களை நோக்கித் திசை அறிந்தே தோணிகள் அவற்றைச் சென்றடைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் நோர்த் அரிப்பிலே கட்டுவித்த டோரிக் மாளிகையும் பிற்காலத்தில் அத்தகைய அடையாளமாக முத்துக்குளிப்பு அதிகாரிகளுக்குப் பயன்பட்டது. அடிக்கடி செல்லவேண்டிய இடத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிக்கொண்டிராமல், ஒருமுறை கண்ட வழியைக் குறித்து வைத்துக்கொள்வது மனிதர் கைக்கொண்ட பழைய முறையாகும்.

கணினியின் வரலாற்றிலும் இதே தேவை எழுந்தது. கணினியில் எழுதப்படும் கடிதம், கணக்கு, படம் ஆகிய யாவும் கோப்புகள் எனப்படும். கோப்புகளை இனம்பிரித்து வைக்கும் இடம் கோப்புறை. ஒரு கோப்புறைக்குள் வேறு பல கோப்புறைகளை அமைக்கலாம். அவற்றுள் இன்னும் பலவற்றை அமைக்கலாம். இவ்வாறு மரம்போலக் கிளைத்துச் செல்லும் ஒழுங்கு, மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் பெல் ஆய்வுகூடமும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய மல்ட்டிக்ஸ் என்னும் அமைப்புக்காக 1965ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. அதன் ஆசிரியர்கள் அன்றே ஓர் இடரையும் உணர்ந்திருந்தனர். மரம் வளருந்தோறும் நுனிக்கிளையை அடையும் வழியும் நீளும். ஆகவே, ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்கு நேரே செல்ல உதவும் இணைப்பு என்பதையும் அவர்கள் அத்திட்டத்திலேயே சேர்த்தனர்.

மல்ட்டிக்சைப் பின்பற்றி எழுந்த யுனிக்ஸ் என்னும் அமைப்பில் இவ்வசதி மேலும் வளர்ந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் என்பவர் 1970களின் பிற்பகுதியில் எழுதிய கட்டளை மென்பொருளில், ஒருவர் தம் சொந்தக் கோப்புறையை அலைபோன்ற ஒரேயொரு குறியால் சுட்ட முடிந்தது. இருக்கும் இடத்தை நினைவில் வைக்குமாறு கணினியைப் பணித்துவிட்டு வேறிடம் சென்று, ஒரு சொல்லிலே பழைய இடத்துக்குத் திரும்பவும் முடிந்தது.

மேசைக் கணினிகளுக்கு இத்தேவை சற்றுப் பிந்தியே வந்தது. 1981இல் வெளிவந்த மைக்ரோசொஃப்டின் டொஸ் முதற்பதிப்பில் கோப்புறைகளே இல்லை. ஒரு சிறு நெகிழ்தட்டிலே அடங்கிய சில கோப்புகளைக் கண்ணால் பார்த்தே எடுத்துவிடலாம். வன்தட்டுடன் கூடிய கணினிகள் வந்த 1983ஆம் ஆண்டில், அதன் இரண்டாம் பதிப்பு கோப்புறைகளைக் கொண்டுவந்தது. அதன்பின் ஒரு கோப்பை அடைவதற்கு நீண்ட பாதையை எழுத்துப் பிசகாமல் தட்டெழுத வேண்டியதாயிற்று. இத்தொல்லையைக் குறைத்த கருவிகளுள் 1986இல் ஜோன் சோச்சா ஆக்கிய நார்ட்டன் கொமாண்டர் குறிப்பிடத்தக்கது. அது திரையை இரு பகுதிகளாகப் பிரித்து, இரண்டு கோப்புறைகளை ஒருங்கே காட்டியது. அதே வடிவைப் பின்பற்றிச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் கீஸ்லர் 1993இல் வெளியிட்ட மென்பொருள், இன்று டோட்டல் கொமாண்டர் என வழங்குகின்றது. தாம் விரும்பும் கோப்புறைகளை ஒரு பட்டியலாக எழுதி வைத்து, இரண்டு விசைகளை அழுத்தி அப்பட்டியலை அழைத்து, வேண்டிய இடத்துக்கு உடனே செல்லும் வசதி அதில் உண்டு.

இக்கருவிகளின் அடுத்த வளர்ச்சி, பட்டியல் எழுதும் வேலையையும் கணினியிடமே விட்டமையாகும். 2009ஆம் ஆண்டளவில் யுனிக்ஸ் வழிவந்த கணினிகளுக்காக எழுதப்பட்ட இசட் என்னும் சிறு நிரல், ஒருவர் எந்தக் கோப்புறைக்கு எத்தனை முறை சென்றார், அண்மையில் எப்பொழுது சென்றார் என்பவற்றைக் கணக்கிட்டு வைத்தது. பெயரின் ஒரு துண்டைத் தட்டெழுதினாலே அது உரிய இடத்தைத் தேர்ந்து கொடுத்தது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10, அடிக்கடி திறக்கப்படும் கோப்புறைகளைத் தானாகவே முன்னிறுத்தியது.

இனி, இக்குறுக்குவழிகள் எதனை நினைவில் வைக்கின்றன என்பதை நோக்க வேண்டும். 1983இல் பெர்க்லியின் யுனிக்சிலே பரவிய குறியீட்டு இணைப்பு, சேரிடத்தின் பாதையை மட்டுமே எழுதி வைத்தது. கோப்புறை வேறிடத்துக்கு மாற்றப்பட்டால், இணைப்பு வெறுமையைச் சுட்டி நிற்கும். 1991இல் அப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டொஷ் கணினியிலே வந்த மாற்றுப்பெயர் என்னும் வசதியோ, கோப்பின் தனி எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொண்டது. அதனால் கோப்பு அதே தட்டினுள் இடம் மாறிய பின்னரும் அதனைத் தேடிக் கண்டது. முன்னது முகவரியை அறிந்தது. பின்னது ஆளையும் அறிந்தது. எனினும், கோப்பே அழிக்கப்பட்டால் இரண்டாலும் பயனில்லை.

இவ்வேறுபாட்டைப் பாடசாலை அலுவலகங்கள் நன்கு அறியும். பழைய மாணவர் ஒருவர் விடுகைப் பத்திரத்தின் பிரதி வேண்டி வருகின்றார். அவருடைய சேர்வெண் தெரிந்தால், சேர்வு இடாப்பில் உரிய வரியை நொடிப்பொழுதில் எடுத்துவிடலாம். சேர்வெண் தெரியாவிடினும், இடாப்பு இருக்குமாயின் பக்கம் பக்கமாகப் புரட்டியேனும் கண்டெடுக்கலாம். இடப்பெயர்வின்போது இடாப்பே தொலைந்திருப்பின், எண் தெரிந்தும் பயனில்லை. கணினியிலே கோப்புறைகளுக்குத் தெளிவான பெயரிடுவதும், அவற்றின் பிரதியை வேறிடத்தில் வைப்பதும், குறுக்குவழி அமைப்பதற்கு முன்னரே செய்யவேண்டிய கடமைகளாம். யுனிகோடு முறை பரவிய பின்னர் அப்பெயர்களைத் தமிழிலேயே இடவும் தடையில்லை.

முள்ளிக்குளத்தின் அண்மைக்கால வரலாறு இவ்வுண்மையை வேறொரு வகையில் உணர்த்துகின்றது. 2007 செப்டெம்பரில் போர்ச் சூழலிலே அவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அங்கே கடற்படைத் தளம் அமைந்தது. 2012இல் ஒரு பகுதியினர் அயலிலுள்ள மலங்காட்டிலும் காயாக்குழியிலும் வந்து தங்கினர். 2017 மார்ச் மாதத்தில் தம் நிலத்தைக் கோரித் தொடர் போராட்டம் தொடங்கினர். ஏப்ரல் 29ஆம் நாள் நூறு ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. அந்தப் பத்தாண்டுகளிலும் தம் வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கையையோ, குளக்கட்டையோ, கோயில் முற்றத்தையோ அவர்கள் மறந்தாரல்லர். வழி அவர்கள் நினைவில் இருந்தது. அவ்வழியின் முடிவிலிருந்த இடமே அவர்களுக்கு எட்டாததாயிற்று.

விரும்பிய கோப்புறையை நொடியிலே திறந்து தரும் கருவிகள் நல்ல கருவிகளே. அவை நாள்தோறும் வீணாகும் பொழுதைக் காத்துத் தருகின்றன. ஆயினும் அவை காப்பது வழியை மட்டுமே. அவ்வழி சென்று சேரும் பொருளையும் இடத்தையும் காத்து வைப்பது மனிதரின் பொறுப்பாகவே இருந்துவருகின்றது.