ஏழு மாத நாயின் வயது என்ன?

ஏழு மாதம் நிறைந்த லாப்ரடார் குட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பால்பற்கள் 28-உம் விழுந்து, நிலைப்பற்கள் 42-உம் முளைத்து முடிந்திருக்கும். மனிதரில் கடைவாயின் ஞானப்பற்கள் நீங்கலாக நிலைப்பற்கள் நிறைவது 12, 13 வயதில். ஆக, பல்லை வைத்துப் பார்த்தால் இந்த நாய்க்கு வயது 13. ஏழால் பெருக்கும் பழைய கணக்கின்படி நான்கு. 2020-இல் வெளியான மரபணு ஆய்வின் சூத்திரப்படி ஏறத்தாழ 22. இம்மூன்றில் எது சரி என்று கேட்பதே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஏழு எனும் எண்ணை முதலில் பார்ப்போம். மனிதருக்கு எழுபது, நாய்க்குப் பத்து என்று கொண்டு வகுத்தால் கிடைப்பது அது. எடுத்துக்கொள்ளும் ஆயுள் மாறினால் எண்ணும் மாறும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 1268-இல் பதித்த தளத்தின் கல்வெட்டு, வேலிக்கு மூன்றாண்டு எனத் தொடங்கி, நாய், குதிரை, மனிதன் என மும்மடங்காகப் பெருக்கிச் செல்கிறது. அக்கணக்கில் நாய்க்கு 9, மனிதனுக்கு 81; விகிதம் ஒன்பது. இவை ஆயுளின் விகிதங்கள் மட்டுமே. அவற்றை மூப்படையும் வேகமாகக் கொண்டதில்தான் குழப்பம் தொடங்கியது. ஓராண்டு நிறைந்த பெண் நாய் குட்டி ஈனும். ஏழு வயதுச் சிறுமியை அதனோடு ஒப்பிட இடமேயில்லை.

மேலே சொன்ன 2020 ஆய்வை நடத்திய, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தைச் சேர்ந்த டிரே ஐடெக்கர் குழுவினர் வேறு வழியில் சென்றனர். வயதாக ஆக டி.என்.ஏ.மீது மெத்தில் எனும் வேதிக் குறிகள் படியும் பாங்கு மாறும். 104 லாப்ரடார் நாய்களில் அம்மாற்றத்தை அளந்து மனிதரோடு பொருத்தி அவர்கள் தந்த சூத்திரம் இது: நாயின் வயதுக்கு இயல் மடக்கை கண்டு, 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்டுக. எட்டு வாரக் குட்டி ஒன்பது மாதக் குழந்தைக்கு நெருங்கி வருகிறது. பால்பல் முளைக்கும் பருவம் இரண்டுக்கும் அதுவே. பன்னிரண்டு வயது நாய் எழுபது வயது மனிதருக்கு இணையாகிறது. நடுவில்தான் இடறல். ஓராண்டு நாய் 31 வயதுக்காரராம்! வீட்டுச் செருப்பையெல்லாம் கடித்துக் குதறும் ஓராண்டு லாப்ரடாரை வளர்த்தவர் இதை ஏற்கமாட்டார். மூலக்கூறின் மூப்பும் உடல், மன வளர்ச்சியும் சேர்ந்தே நடப்பவை அல்ல.

அதோடு, அந்தச் சூத்திரம் ஒரே இனத்திலிருந்து வந்தது. பாலூட்டிகளுள் உருவில் பெரியவை நீண்ட நாள் வாழ்வது பொதுவிதி. நாய்க்குள் அது தலைகீழ். கொர்னேலியா கிராவுஸும் உடன் ஆய்வாளர்களும் 74 இனங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, பெரிய நாய்கள் சீக்கிரம் இறப்பதற்கு முதன்மைக் காரணம் அவை வேகமாக மூப்படைவதே என்கிறது. ஏறத்தாழ இரண்டு கிலோ எடை கூடினால் ஆயுளில் ஒரு மாதம் குறைகிறதாம்.

ஒரே இனத்துக்குள்ளும் வேகம் ஒன்றல்ல. 2002-இல் வெளியான ஆய்வொன்றில் 48 லாப்ரடார்களை இணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு உணவை நான்கில் ஒரு பங்கு குறைத்து வளர்த்தார்கள். வயிறார உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்டவற்றுக்கு 13. மூட்டுவாதமும் இவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஒரே நாளில் பிறந்த அவ்விரு நாய்களுக்கும் எந்தச் சூத்திரமும் ஒரே எண்ணைத்தான் சொல்லும்.

ஆகவே வளர்ச்சியை அறியப் பல்லும் இனப்பெருக்கப் பருவமும், மூப்பை அறிய மெத்தில் குறிகளும் உதவும். மருத்துவருக்கு வேண்டியதோ எஞ்சிய ஆயுள். அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் 2019 வழிகாட்டி மனித வயதைத் தேடாமல், எதிர்பார்க்கும் ஆயுளின் கடைசிக் கால்பங்கை முதுமை என்கிறது. எட்டாண்டு வாழக்கூடிய பெரிய நாய்க்கு ஆறு வயதிலேயே முதுமைப் பரிசோதனைகளைத் தொடங்க வேண்டும். பதினான்காண்டு வாழும் சிறிய நாய்க்குப் பத்தரை வயதில் தொடங்கினால் போதும்.