சைலேன் மன்னா

சைலேன் மன்னா (1924–2012), விடுதலைக்குப் பிந்தைய முதல் பத்தாண்டில் இந்தியக் கால்பந்து அணியின் இடப்புறத் தற்காப்பைத் தாங்கியவரும், 1951 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியின் தலைவரும் ஆவார். ஹவுராவில் பிறந்து, ஹவுரா யூனியன் அணியில் ஆடிவந்த இவர், 1942இல் கொல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்து, 1960இல் ஓய்வுபெறும் வரை அதைவிட்டு நீங்கவில்லை.

அக்கால அணிகள் கோல்காப்பாளருக்கு முன்னே இருவர், நடுவில் மூவர், முன்வரிசையில் ஐவர் என அணிவகுத்து ஆடியதால், 'ஃபுல்பேக்' எனப்பட்ட பின்வரிசை இருவர் மீதே தற்காப்பின் பெரும்பாரம் விழுந்தது. அவ்விருவரில் இடப்பக்கத்தவரான மன்னா, எதிரணி தவறிழைத்தால் நின்ற பந்தை உதைக்கக் கிடைக்கும் வாய்ப்பான ஃப்ரீ கிக்கிலும் பெயர்பெற்றவர்.

1948 இலண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி, பிரான்சிடம் 1–2 எனத் தோற்றது. சாரங்கபாணி ராமன் அடித்து சமன்செய்த அந்த ஆட்டத்தில் இந்தியா இரு பெனால்டிகளை வீணாக்கியதும், அவற்றுள் ஒன்றை உதைத்தவர் மன்னா என்பதும், பிரான்சின் வெற்றி கோல் முடிவதற்குச் சற்றுமுன்பே விழுந்ததும் சேர்ந்து, அத்தோல்வியை இன்றும் பேசவைக்கின்றன. 1950 உலகக் கோப்பைக்கு வாய்ப்புக் கிடைத்தும் இந்தியா பிரேசிலுக்குச் செல்லவில்லை; வெறுங்கால் ஆட்டத்துக்குத் தடை விதிக்கப்பட்டதே காரணம் என்பது பின்னாளில் பரவிய கதையே. ஒலிம்பிக்கையே பெரிதாக மதித்த அன்றைய நிர்வாகத்துக்கு உலகக் கோப்பையின் அருமை புரியவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

மறு ஆண்டு புதுதில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பயிற்சியாளர் ரகீமின் வழிகாட்டலில், இறுதி ஆட்டத்தில் மேவாலாலின் ஒரே கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலோ மன்னாவின் அணி, குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 1–10 என வீழ்ந்தது. இதைத் தலைவரின் குறையாக எண்ணுவது நியாயமாகாது. அந்த யூகோஸ்லாவியா இறுதியில் ஹங்கேரியிடம் மட்டுமே தோற்று வெள்ளி வென்ற அணி. அத்தோல்விக்குப் பின்னரே இந்தியாவில் பூட்ஸ் அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று.

1954 மணிலா ஆசியப் போட்டியிலும் தலைமையேற்ற மன்னா, கழகத்திடம் ஊதியம் பெறாமலே ஆடி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வேலையால் வாழ்ந்தார். 1971இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இவர், 2012 பிப்ரவரி 27 அன்று கொல்கத்தாவில் காலமானார்.