திராட்சைக்கொடிச் சிலுவை போன வழி

ஜார்ஜியா என்றதும் பலருக்கு அமெரிக்காவில் இருக்கும் மாநிலம்தான் நினைவுக்கு வரும். இது வேறு ஜார்ஜியா. கருங்கடலின் கிழக்குக் கரையில், காகசஸ் மலைத்தொடருக்குத் தெற்கே இருக்கும் ஒரு சிறிய நாடு. மக்கள் தொகை 40 லட்சத்தைத் தாண்டாது. வடக்கே ரஷ்யா, தெற்கே துருக்கி, இன்னும் கொஞ்சம் தள்ளி ஈரான். வரைபடத்தைப் பார்த்தாலே இந்த நாட்டின் வரலாறு பாதி புரிந்துவிடும். மூன்று பேரரசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நாடு!

தலைநகர் திபிலிசியிலிருந்து தினமும் காலையில் சுற்றுலா வேன்கள் வடக்கு நோக்கிக் கிளம்பும். மிட்ஸ்கேட்டா, அனானுரி, குடாவுரி, கஸ்பெகி என்று நான்கைந்து இடங்கள். பழைய தேவாலயங்கள், பனி மலைகள், நடுவில் மதிய உணவு, இரவுக்குள் திரும்பிவிடலாம். ஒரு வழிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஜார்ஜியாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தவறவிடாத ஒருநாள் பயணம் இதுதான்.

படங்களில் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கேள்வி. வழிபட வருகிற மக்கள் கீழே ஊரில் இருக்கும்போது, தேவாலயத்தை எதற்காக மலை உச்சியில் கட்டினார்கள்? இதற்கான பதிலில் பக்திக்கும் பங்கு உண்டு, பயத்துக்கும் பங்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு சிலுவையின் கதையைத் தெரிந்துகொண்டால் போதும்.

கூந்தலால் கட்டிய சிலுவை

ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவ சமயத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பெண். அவர் பெயர் நினோ. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அவர், இரண்டு திராட்சைக் கொடிகளைத் தன் கூந்தலால் கட்டிச் சிலுவை செய்தார் என்பது மரபு. கொடி என்பதால் அதன் குறுக்குக் கைகள் இரண்டும் கீழ்நோக்கித் தொங்கியிருக்கும். இன்றும் ஜார்ஜியத் திருச்சபையின் அடையாளம் அந்தச் சாய்ந்த கைச் சிலுவைதான். அப்போது ஆண்ட மிரியன் மன்னர் மதம் மாறினார். உலகில் கிறிஸ்தவத்தை அரச மதமாக ஏற்ற முதல் சில நாடுகளில் ஜார்ஜியாவும் ஒன்றாகியது.

திராட்சை அங்கே வெறும் பழம் அல்ல. 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் திராட்சை மது செய்திருக்கிறார்கள் என்பதைப் பானை ஓடுகளை ஆராய்ந்து 2017இல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். அப்படிப்பட்ட ஊரில் சிலுவையும் திராட்சைக் கொடியில் அமைந்ததில் வியப்பில்லை.

இரண்டு ஆறுகள் கூடும் ஊர்

பயணத்தின் முதல் நிறுத்தம் மிட்ஸ்கேட்டா. திபிலிசிக்கு முன்பு இதுதான் தலைநகரம். ஊருக்கு எதிரே உள்ள குன்றின் மேல் ஜ்வாரி தேவாலயம் நிற்கிறது. ஜ்வாரி என்றால் ஜார்ஜிய மொழியில் சிலுவை. மதம் மாறிய பிறகு அந்தக் குன்றில் பெரிய மரச்சிலுவை ஒன்று நடப்பட்டதாகவும், அதே இடத்தில் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கல் தேவாலயத்தைக் கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். அங்கிருந்து கீழே பார்த்தால் அரக்வி, குரா என்ற இரண்டு ஆறுகள் வேறு வேறு நிறத்தில் வந்து ஒன்று சேர்வது தெரியும்.

கீழே ஊருக்குள் இருப்பது ஸ்வெட்டிட்ஸ்கோவெலி பேராலயம். இப்போதுள்ள கட்டடம் 1010 முதல் 1029 வரை அர்சாகிட்ஸே என்ற சிற்பியின் தலைமையில் எழுந்தது. இயேசுவின் அங்கி இங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்பது மக்களின் நம்பிக்கை. வெளிச்சுவரில் கருவியைப் பிடித்த ஒரு கை மட்டும் செதுக்கப்பட்டிருக்கும். இவ்வளவு அழகாகக் கட்டியவனின் கையைப் பொறாமையில் வெட்டிவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, கேட்கிறவர்கள் ஒரு நிமிடம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பேராலயத்தைச் சுற்றிக் கோட்டை மதில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சமவெளியில் இருந்ததால் படையெடுத்தவர்கள் எல்லோருக்கும் இது எளிதான இலக்கு. தைமூரின் படைகள் இதைப் பாழாக்கின. 15ஆம் நூற்றாண்டில் திரும்பவும் எடுத்துக் கட்டினார்கள். எதிரி வருகிறான் என்ற செய்தி வந்தால் முதல் வேலை, பேராலயத்தின் செல்வங்களை மூட்டை கட்டி மலைக்கு அனுப்புவது. நினோவின் சிலுவையும் அப்படித்தான் மலையேறியது. பாரசீக, துருக்கியப் படைகளுக்குத் தப்பி ஒரு சமயம் அனானுரி, மற்றொரு சமயம் கெர்கெட்டி என்று அது மாறி மாறி ஒளிந்திருந்தது. இன்று சுற்றுலா வேன் போகிற அதே வழி!

கோட்டைக்குள் ஒரு கோயில்

அனானுரி இன்று ஒரு நீல ஏரிக்கரையில் நிற்கிறது. அது இயற்கை ஏரி அல்ல. 1980களில் முடிந்த ஜின்வாலி அணையின் நீர்த்தேக்கம். மின்சாரமும் திபிலிசிக்குக் குடிநீரும் அதிலிருந்து கிடைக்கின்றன. பழைய காலத்தில் இந்தக் கோட்டை ஆற்றுப் பள்ளத்தாக்கைக் காவல் காத்தது. அரக்வி பகுதியை ஆண்ட சிற்றரசர்களின் இருப்பிடம் இது. 1689இல் கட்டிய மாதா கோயிலின் தெற்குச் சுவரில் பெரிய சிலுவையும் திராட்சைக் கொடிகளும் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் கோட்டை எல்லா நேரமும் காப்பாற்றவில்லை. 1739இல் பக்கத்துச் சிற்றரசன் ஒருவன் அனானுரியைப் பிடித்துத் தீ வைத்தான். அரக்வி ஆட்சியாளர் குடும்பம் கொல்லப்பட்டது. வெளியிலிருந்து வந்த எதிரி செய்யாததை உள்ளூர்ப் பகை செய்து முடித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து 1743இல் விவசாயிகளே கிளர்ந்து, அந்த இடத்தைப் பிடித்தவர்களைக் கொன்று, மன்னர் தெய்முராஸை ஆள அழைத்தார்கள்.

இந்தக் குழப்பத்துக்குப் பிறகு, 1749இல் ரோமான் என்ற பேராயர் சிலுவையை எடுத்துக்கொண்டு ரகசியமாக ரஷ்யாவுக்குப் போய்விட்டார். மாஸ்கோவில் குடியேறியிருந்த ஜார்ஜிய இளவரசர் பகாரிடம் அதை ஒப்படைத்தார். மலையும் இனிமேல் பாதுகாப்பில்லை, வடக்கே உள்ள பெரிய கிறிஸ்தவ நாடுதான் பாதுகாப்பு என்று நினைத்தார் போலும்.

நட்பின் சின்னம்

சிலுவையோடு நிற்கவில்லை. அடுத்த 34 ஆண்டுகளில் நாடே அந்த முடிவுக்கு வந்தது. 1783இல் மன்னர் இரண்டாம் எரெக்லே ரஷ்யாவுடன் ஜார்ஜியெவ்ஸ்க் உடன்படிக்கை செய்துகொண்டார். வெளியுறவை ரஷ்யா பார்த்துக்கொள்ளும், பதிலுக்கு ஜார்ஜியாவை எதிரிகளிடமிருந்து காக்கும், அரச வம்சமும் திருச்சபையும் அப்படியே இருக்கும். இதுதான் ஏற்பாடு. ரஷ்யர்கள் மலைப்பாதையை வண்டி போகும் அளவுக்கு அகலப்படுத்தினார்கள். அதுதான் பிறகு ஜார்ஜிய ராணுவச் சாலை என்று பெயர் பெற்றது.

காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. 1787இல் ரஷ்யப் படைகள் திரும்பிப் போய்விட்டன. 1795 செப்டம்பரில் பாரசீகத்தின் ஆகா முகமது கான் திபிலிசியைச் சூறையாடினான். நகரம் எரிந்தது, ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய எரெக்லே மலைகளுக்குத் தப்பினார். உதவிப் படை நேரத்துக்கு வரவில்லை. எரெக்லே 1798இல் இறந்தார். அவரைப் புதைத்தது ஸ்வெட்டிட்ஸ்கோவெலியில்தான். 1801இல் ரஷ்யா அந்த நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1811இல் திருச்சபையின் தன்னாட்சியும் போயிற்று. காப்பதாகச் சொன்ன இரண்டும் 30 ஆண்டு தாங்கவில்லை. பேராலயத்தின் பழைய சுவரோவியங்கள் பலவற்றின் மேல் அந்தக் காலத்தில் சுண்ணாம்பு அடித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாட்டை இணைத்துக்கொண்ட அதே ஜார் முதலாம் அலெக்சாண்டர்தான் நினோவின் சிலுவையை 1802இல் திருப்பி அனுப்பினார். சிலுவை வீடு திரும்பியது. ஆனால் வீடு இப்போது வேறொருவருடையது.

குடாவுரியைத் தாண்டினால் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்ண ஓவியங்களுடன் ஒரு வட்டமான மேடை வரும். எல்லா வேன்களும் அங்கே நிற்கும், எல்லோரும் படம் எடுப்பார்கள். அது ஜார்ஜியெவ்ஸ்க் உடன்படிக்கையின் 200ஆம் ஆண்டுக்காக, 1983இல் சோவியத் அரசு கட்டிய ரஷ்ய ஜார்ஜிய நட்புச் சின்னம். எரெக்லே இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

மேகத்துக்கு மேலே

அதற்கு மேல் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் ஜ்வாரி கணவாய். இதன் பெயரும் சிலுவைதான். குளிர்காலத்தில் பனிச்சரிவால் சாலை அடிக்கடி மூடப்படும். கணவாயைத் தாண்டி இறங்கினால் ஸ்டெபன்ட்ஸ்மிண்டா. சோவியத் காலத்தில் கஸ்பெகி என்று மாற்றிய பெயரை 2006இல் பழையபடி ஆக்கினார்கள். ஊருக்கு எதிரே 2,170 மீட்டர் உயரத்தில் கெர்கெட்டி திரித்துவ தேவாலயம். பின்னால் 5,000 மீட்டருக்கு மேல் எழும் கஸ்பெக் பனிமலை.

14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தத் தேவாலயம்தான் மிட்ஸ்கேட்டா செல்வங்களின் கடைசிப் புகலிடம். ஆபத்துக் காலத்தில் பொக்கிஷங்கள் இங்கே வைக்கப்படும் என்று 18ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் வகுஷ்தி எழுதி வைத்திருக்கிறார். ஒரு வகையில் அது நாட்டின் வங்கிப் பெட்டகம்! வட்டி கிடையாது, பாதுகாப்பு மட்டும் உண்டு. பெட்டகத்தின் சாவி மலையின் உயரம்தான்.

1988இல் ஊரிலிருந்து தேவாலயத்துக்கு சோவியத் அரசு ரோப் கார் அமைத்தது. தங்கள் புனித இடம் கெட்டுவிட்டது என்று உள்ளூர் மக்கள் அதை உடைத்து அகற்றிவிட்டார்கள். சுலபமாக ஏற முடியாமல் இருந்ததுதான் அதைக் காப்பாற்றியது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2018க்குப் பிறகு தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். இப்போது கார் வாசல் அருகே போகிறது. அருகே குடிசைப் பெட்டிக்கடைகள் வராத வரை நல்லதுதான்.

பெட்டகம் மலையில் மட்டும் இல்லை

1921இல் செஞ்சேனை வந்தபோது மலை உதவவில்லை. ஜார்ஜிய அரசு தேசத்தின் பொக்கிஷங்களைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் பிரான்சுக்கு அனுப்பியது. கூடவே போன வரலாற்று அறிஞர் எக்விதிமே தகாய்ஷ்விலி, வறுமையில் வாடியபோதும் அதில் ஒரு பொருளைக்கூட விற்கவில்லை. 1945இல் அத்தனையையும் நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். நாட்டிலேயே இருந்த திருச்சபைத் தலைவர் அம்ப்ரோசி, பொக்கிஷங்களை மறைத்து வைத்த குற்றத்துக்காக 1924இல் விசாரிக்கப்பட்டுச் சிறை சென்றார். சில சமயம் மனிதர்களே மலை ஆகிவிடுகிறார்கள்.

சாலையின் கதை முடியவில்லை. எல்லையில் உள்ள லார்ஸ் சோதனைச் சாவடியை 2006இல் ரஷ்யா மூடியது. அதே ஆண்டு ஜார்ஜிய மதுவுக்கும் தடை விதித்தது. சாவடி 2010இல் திறந்தது, தடை 2013இல் நீங்கியது. 2022 செப்டம்பரில் உக்ரைன் போருக்கு ஆள் சேர்ப்பு அறிவித்ததும், அதற்குத் தப்பிய ரஷ்யர்கள் இதே சாவடியில் நாள்கணக்கில் வரிசையில் நின்று ஜார்ஜியாவுக்குள் வந்தார்கள். ஒரு காலத்தில் பாதுகாப்புத் தேடி வடக்கே போன வழியில், இப்போது வடக்கத்திக்காரர்கள் பாதுகாப்புத் தேடித் தெற்கே வந்தார்கள்!

மாலையில் வேன்கள் திபிலிசிக்குத் திரும்பும். பழைய நகரத்தில் சியோனி என்று ஒரு பேராலயம் இருக்கிறது. ஒருநாள் பயணப் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது. உள்ளே ஒரு வெண்கல மறைப்புக்குப் பின்னால் நினோவின் திராட்சைக்கொடிச் சிலுவை 1802 முதல் இருக்கிறது. பயணத்தை அங்கே முடிக்கிறவர்களுக்கு, அன்று பார்த்த மலைகளின் உயரம் எதற்கு என்று புரியும்.